கிறிஸ்துமஸ் டேபிள் ரன்னர்: 9505-ஆ, 6302-ஆ? அமெரிக்கப் பையர் தீர்ப்பு நகல் அனுப்பியிருக்கிறார்

அமராவதிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கரூரில் வீட்டு உபயோகத் துணிகள் தைத்து ஏற்றுமதி செய்யும் சிறிய நிறுவனம் எங்களுடையது. அப்பா காலத்தில் போர்வையும் துண்டும். நான் பொறுப்பேற்ற பிறகு டேபிள் ரன்னர் (மேசை நடுவில் விரிக்கும் நீளத் துணி), பிளேஸ்மேட் (சாப்பாட்டுத் தட்டுக்குக் கீழே விரிப்பது), நாப்கின் என்று மாறிவிட்டது. இந்த ஆண்டு முதன்முறையாக அமெரிக்காவுக்கு டிடிபி முறையில் ஆர்டர் எடுத்திருக்கிறோம். அதாவது, அங்கே கட்ட வேண்டிய சுங்க வரியையும் சேர்த்து எங்கள் விலை.

ஆர்டரில் மூன்று பொருள்கள். முதலாவது, 13 அங்குல அகலமும் 72 அங்குல நீளமும் கொண்ட சிவப்புப் பருத்தி ரன்னர். இரண்டு முனைகளிலும் சாண்டா, ஓரம் முழுவதும் பச்சை இலையும் சிவப்புப் பழமும். இரண்டாவது, அதே அச்சில் பிளேஸ்மேட். மூன்றாவது, சுவரில் தொங்கவிடும் கிறிஸ்துமஸ் ஸ்டாக்கிங்.

மூன்றையும் 9505 10 என்ற சுங்க வகைப்பாட்டு எண்ணில் (முதல் இரண்டு இலக்கங்கள் அத்தியாயத்தைக் குறிக்கும்), "கிறிஸ்துமஸ் பண்டிகைப் பொருள்கள்" என்று இன்வாய்ஸில் எழுதும்படி, அங்கே சரக்கை வாங்கும் பையர் சொல்கிறார். அந்த எண்ணுக்கு அங்கே அடிப்படை வரி இல்லை. ஆதாரமாக 2003-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றின் நகலையும் அனுப்பியிருக்கிறார். இதே மாதிரியான பிளேஸ்மேட், ரன்னர் வழக்குதான் அது, இறக்குமதியாளர் பக்கம் தீர்ப்பு வந்திருக்கிறது என்கிறார். ஆர்டர்களைக் கவனிக்கும் எங்கள் மெர்ச்சண்டைசரோ, "துணி என்றால் 63-ஆம் அத்தியாயம்தான், இதுவரை அப்படித்தான் அனுப்பினோம்" என்கிறார்.

சரக்கின் சுங்க மதிப்பு ஏறத்தாழ 29,000 டாலர். பெரிய நிறுவனங்களுக்கு இது ஒரு தொகையே இல்லை. எங்களுக்கு 6 விழுக்காடு என்பது ஒரு மாத லாபம். யாராவது தெளிவுபடுத்த முடியுமா?

நூல்கண்டு எழுதியது:

பையர் சொல்வது சரி. அவர் அனுப்பியது பார்க் பி. ஸ்மித் வழக்கின் தீர்ப்பாக இருக்கும். அதற்கு முன்பே, 1997-இல், மிட்வெஸ்ட் ஆஃப் கேனன் ஃபால்ஸ் என்ற மினசோட்டா நிறுவனத்தின் வழக்கில் வாஷிங்டனில் உள்ள ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தீர்த்து வைத்துவிட்டது. ஹாலோவீன் பூசணி முகம் போட்ட கோப்பைகளைக்கூடப் பண்டிகைப் பொருள் என்று ஏற்றுக்கொண்டார்கள். ஒரு பொருளுக்குப் பயன்பாடு இருப்பதாலேயே அது பண்டிகைப் பொருள் ஆகாமல் போய்விடாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் உயிர்.

சாண்டா போட்ட ரன்னரை ஏப்ரல் மாதத்தில் யார் மேசையில் விரிப்பார்கள்? நீதிமன்றம் பார்த்ததும் ஏறத்தாழ இதைத்தான். துணிந்து 9505 என்று எழுதுங்கள், அண்ணா. கையில் தீர்ப்பு இருக்கும்போது அச்சம் எதற்கு?

பாரிமுனை முகவர் எழுதியது:

அமராவதிக்கரை அவர்களே, தயவுசெய்து இன்வாய்ஸ் அடிப்பதை நிறுத்திவைத்துவிட்டு இதைப் படியுங்கள். நான் சென்னைச் சுங்க இல்லத்தைச் சுற்றியே முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன்.

நூல்கண்டு சொன்ன இரண்டு தீர்ப்புகளும் உண்மை. அவர் சொன்ன பொருளும் உண்மை. ஆனால் அந்தத் தீர்ப்புகள் எந்தச் சட்ட வாசகத்தின் மேல் நின்றனவோ, அந்த வாசகம் இன்று இல்லை.

1990-களில் அமெரிக்கச் சுங்கத் துறை "பண்டிகைப் பொருள்" என்பதை மிகக் குறுக்கிப் பார்த்தது. பயன்பாடு உள்ள பொருளா, அப்படியென்றால் பண்டிகைப் பொருள் இல்லை என்பதே அதன் போக்கு. மிட்வெஸ்ட் வழக்கு அதை உடைத்தது. பொருள் ஒரு பண்டிகையோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருக்க வேண்டும், முக்கியமாக அந்தப் பண்டிகைக் காலத்தில் பயன்பட வேண்டும், அவ்வளவே என்றது நீதிமன்றம். 2003-இல் பார்க் பி. ஸ்மித் வழக்கு அதைத் துணிகளுக்கும் நீட்டியது. கிறிஸ்துமஸ், ஹாலோவீன், ஈஸ்டர் அடையாளம் தெளிவாகத் தெரியும் பிளேஸ்மேட்டும் நாப்கினும் ரன்னரும் 95-ஆம் அத்தியாயத்துக்குப் போயின. பிறகு கிறிஸ்துமஸ் ஸ்வெட்டர்களும் போயின. அது கரூருக்கும் திருப்பூருக்கும் நல்ல காலம்.

பிறகு நடந்ததைத்தான் உங்கள் பையர் பார்க்கவில்லை. பிரஸ்ஸல்ஸில் இருக்கும் உலகச் சுங்க அமைப்பு, இந்த எண்களுக்கெல்லாம் மூலமான, உலக நாடுகள் பின்பற்றும் எச்.எஸ். அட்டவணையின் 2007-ஆம் ஆண்டுப் பதிப்பில் 95-ஆம் அத்தியாயத்தின் முதல் குறிப்பை மாற்றி எழுதியது. மேசைப் பாத்திரம், சமையலறைப் பொருள், தரைவிரிப்பு, உடை, படுக்கைத் துணி, மேசைத் துணி, குளியல் துணி, சமையலறைத் துணி, இவற்றைப் போலப் பயன்பாட்டுக்கு உரிய பொருள்கள் எவையும் இந்த அத்தியாயத்தில் வராது. அவை எந்த மூலப்பொருளால் ஆனவையோ அந்த அத்தியாயத்துக்கே போக வேண்டும். அமெரிக்கா அதை அதிபர் பிரகடனம் வழியாக ஏற்று, 2007 பிப்ரவரி 3 முதல் நடைமுறைப்படுத்தியது. ஸ்வெட்டர் வழக்கில் வென்ற அதே மைக்கேல் சைமன் டிசைன் நிறுவனமும் வேறு சிலரும் இந்த மாற்றத்தை எதிர்த்துப் போராடிப் பார்த்தார்கள். 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

ஆக, 2003 தீர்ப்பை வைத்துக்கொண்டு இன்று வாதாடுவது, பட்டா மாறிய நிலத்துக்குப் பழைய பத்திரத்தைக் காட்டுவது போன்றது. பத்திரம் போலியில்லை. நிலம்தான் கைமாறிவிட்டது.

உங்கள் ரன்னரும் பிளேஸ்மேட்டும் மேசைத் துணி. பருத்தி, பின்னல் அல்ல, நெசவு. எனவே 6302 51. அமெரிக்க அட்டவணையில் துணியின் நெசவைப் பொறுத்து அடிப்படை வரி ஏறத்தாழ 5, 6 விழுக்காடு. ஸ்டாக்கிங் மட்டும் 9505 10. உலகச் சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்பிலேயே செயற்கைக் கிறிஸ்துமஸ் மரம், குடில் பொம்மைகள் ஆகியவற்றோடு கிறிஸ்துமஸ் ஸ்டாக்கிங்கும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது.

நூல்கண்டு எழுதியது:

ஐயா, 2007 மாற்றம் எனக்குத் தெரியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இதில் நியாயம் இருப்பதாக என் மனம் ஏற்கவில்லை. ஸ்டாக்கிங்கும் துணிதான், ரன்னரும் துணிதான். ஒரே தறித் துணி, ஒரே சாயம், ஒரே சாண்டா. ஒன்று டிசம்பரில் சுவரில் தொங்குகிறது, மற்றொன்று அதே டிசம்பரில் மேசையில் கிடக்கிறது. தைத்த பெண்ணும் ஒருவரே. ஒன்றுக்கு வரி, மற்றொன்றுக்கு இல்லை என்றால் எந்த அடிப்படையில்?

பாரிமுனை முகவர் எழுதியது:

நல்ல கேள்வி. கையில் எடுத்துப் பார்த்தால் விடை தெரியும். ஸ்டாக்கிங் என்பது காலுறை வடிவம், ஆனால் எந்தக் காலும் அதற்குள் போகாது. மேலே ஒரு தொங்கும் வளையம் இருக்கும். கிறிஸ்துமஸை எடுத்துவிட்டால் அந்தப் பொருளுக்கு வாழ்க்கையே இல்லை. ரன்னரிலிருந்து சாண்டாவை எடுத்துவிட்டாலோ, மிச்சம் இருப்பது ஒரு நல்ல ரன்னர். சாம்பார் சொட்டினால் தாங்கும், துவைத்தால் மறுபடி விரிக்கலாம். அச்சிட்ட படம் ஒரு துணியைத் துணி அல்லாததாக மாற்றக் கூடாது என்பதே அந்தக் குறிப்பின் நோக்கம் என்று நான் புரிந்துகொள்கிறேன். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. நீங்கள் மாறுபடலாம்.

இதைவிடக் கடுமையான வழக்கு ஒன்று சொல்கிறேன். ரூபீஸ் காஸ்ட்யூம் என்ற நிறுவனம் சாண்டா கிளாஸ் உடையையே கொண்டுவந்தது. சாண்டா உடையைவிடப் பண்டிகைத்தனமான பொருள் உலகில் உண்டா? 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் சட்டையையும் காற்சட்டையையும் உடை என்றே தீர்த்தது. சட்டைக்கு 32 விழுக்காடு, காற்சட்டைக்கு 28.2 விழுக்காடு. நீதிபதிகள் பார்த்தது சாண்டாவை அல்ல, தையலை: ஜிப், உள்துணி, ஒழுங்காக முடித்த விளிம்பு, டிரை கிளீன் செய்யச் சொல்லும் லேபிள். மலிவாக, பிசிறு பிசிறாகத் தைத்த வேடத்துணியாக இருந்திருந்தால் 9505-க்குப் போயிருக்கலாம். நன்றாகத் தைத்ததால் உடை ஆனது.

எந்தச் சரக்கையும் முதலில் பெயரை மறந்துவிட்டுப் பாருங்கள் என்று என்னிடம் வேலை கற்க வரும் பையன்களுக்குச் சொல்வேன். பொது விளக்க விதி 1 சொல்வதும் அதுவே: தலைப்பின் வாசகமும், பிரிவு, அத்தியாயக் குறிப்புகளும்தான் சட்டம். நம் ஆட்கள் தலைப்பைத் தேடிக் கண்டுபிடித்ததும் நின்றுவிடுகிறார்கள். குறிப்பு அதற்கு முந்தைய பக்கத்தில் இருக்கிறது.

எடிசன் வாசகி எழுதியது:

நியூ ஜெர்சியில் சிறிய அன்பளிப்புக் கடை நடத்துகிறேன். பெரியவர் சொன்னது எங்கள் வீட்டில் நடந்தது. அமராவதிக்கரைத் தம்பி போன்றவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

மூன்று சீசன்களாக இந்தியாவிலிருந்து கிறிஸ்துமஸ் ஏப்ரன்கள் வரவழைத்தோம். பருத்தித் துணி, மார்பில் பனிமனிதன். எங்கள் கஸ்டம்ஸ் புரோக்கர் முதல் பெட்டியிலேயே 9505 என்று பதிவு செய்தார். நாங்களும் கேள்வி கேட்கவில்லை. வரி இல்லை என்று யாராவது சொன்னால் யார் கேள்வி கேட்பார்கள்?

மூன்றாவது ஆண்டு பிப்ரவரியில் சுங்கத் துறையிலிருந்து, விவரம் கேட்கும் படிவம் 28 வந்தது. பொருளின் விவரமும் ஒரு சாம்பிளும் கேட்டிருந்தார்கள். ஏப்ரனை மடித்து உறையில் போடும்போதே அதன் உள்பக்கத்தில் தைத்திருந்த சிறிய வெள்ளைப் பட்டை என் கண்ணில் பட்டது: "இயந்திரத்தில் துவைக்கலாம், மிதமான சூட்டில் தேய்க்கவும்." அப்போதே வயிற்றில் புளி கரைந்தது. அடுத்து அவர்கள் முடிவைச் சொல்லும் படிவம் 29 வந்தது. ஏப்ரன் உடை வகை, 6211 42, வரி 8.1 விழுக்காடு.

எங்களுக்கு அமைந்த வழக்கறிஞர் நல்லவர். முறையான விசாரணை தொடங்கும் முன்பே, பழைய பதிவுகள் எல்லாவற்றையும் நாங்களாகவே முன்வந்து தெரிவித்து, விடுபட்ட வரியையும் வட்டியையும் கட்டினோம். அதனால் தண்டத்திலிருந்து தப்பினோம். காத்திருந்து மாட்டியிருந்தால், வெறும் அலட்சியம் என்றாலே இழந்த வரியைப் போல இரண்டு மடங்கு வரை தண்டம் உண்டு. கடும் அலட்சியம் என்றால் நான்கு மடங்கு வரை. ஏமாற்று என்று முடிவு கட்டினால் சரக்கின் மதிப்பு வரைக்கும் போகும். ஐந்து ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல அவர்களுக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது.

அதன் பிறகு எங்கள் கடைக்கு வரும் ஒவ்வொரு பொருளையும் நானே பிரித்துப் பார்க்கிறேன். காஷ்மீர்க் காகிதக் கூழ் உருண்டைகள், மரத்தில் தொங்கவிடுபவை, 9505. சாண்டா வடிவத்தில் வார்த்த மெழுகுவர்த்தி, மெழுகுவர்த்தியேதான், 3406. மரத்தில் சுற்றும் எல்இடி விளக்குச் சரம் 9405 31. விளக்குச் சரத்தைப் பலரும் பண்டிகைப் பொருள் என்று நினைக்கிறார்கள். 95-ஆம் அத்தியாயம் அதை வெளியே நிறுத்தியிருக்கிறது.

அமராவதிக்கரை எழுதியது:

அக்கா, ஐயா, இருவருக்கும் நன்றி. நேற்றிரவு பையரிடம் 2007 குறிப்பைப் பற்றி எழுதினேன். காலையில் பதில் வந்தது. துவைக்கும் முறை லேபிளை எடுத்துவிட்டு, "அலங்காரத்துக்கு மட்டும்" என்று ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிடச் சொல்கிறார். அப்படிச் செய்தால் அது பயன்பாட்டுப் பொருள் ஆகாதாம். பலரும் இப்படித்தான் செய்கிறார்களாம். என் மெர்ச்சண்டைசர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒன்பதாயிரம் துண்டுகளுக்கு லேபிள் தைத்து முடித்தாகிவிட்டது.

பாரிமுனை முகவர் எழுதியது:

லேபிளைப் பிரிக்காதீர்கள். அட்டை கட்டுவதால் ரன்னர் ரன்னர் இல்லை என்று ஆகிவிடாது. கடைக்காரர் அட்டையைக் கழற்றியதும் அது மேசையில்தான் விரியப்போகிறது. அதைவிட முக்கியம், நீங்கள் இருவரும் எழுதிக்கொண்ட அஞ்சல்கள். குறிப்பு உங்களுக்குத் தெரியும் என்பதற்கு நேற்றிரவு நீங்கள் எழுதியதே சாட்சி. தெரிந்த பிறகு லேபிளைப் பிரித்தால் அதை அலட்சியம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதற்குப் பெயர் வேறு.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். டிடிபி என்கிறீர்களே, அங்கே பதிவு இறக்குமதியாளர், அதாவது சுங்கத்துக்குப் பொறுப்பாளி, யார்? பையரா, நீங்களா?

இன்னொன்று, நம் பக்கத்துக் கணக்கு. இங்கே நம் சுங்கத்தில் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில்லில் என்ன எண் எழுதுவீர்கள்? 63-ஆம் அத்தியாயம் என்றால் ஆர்.ஓ.எஸ்.சி.டி.எல். சலுகை, அதாவது மாநில, மத்திய வரிகளைத் திருப்பித் தரும் திட்டம். அது 61, 62, 63 அத்தியாயங்களுக்கு உரியது. 95 என்று எழுதினால் அது போய்விடும், மற்ற ஏற்றுமதிப் பொருள்களுக்கான ரோடெப் என்ற வரித் திருப்பித் திட்டத்தின் பக்கம் போக வேண்டும். இங்கே சலுகைக்காக 63, அங்கே வரிவிலக்குக்காக 95 என்று எழுதும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். முதல் ஆறு இலக்கங்கள் உலகம் முழுவதும் ஒன்றே. ஒரே கண்டெய்னருக்கு இரண்டு பெயர் வைத்தால், இரண்டு நாட்டு ஆவணங்களையும் யாராவது ஒருவர் அருகருகே வைத்துப் பார்க்கும் நாளில் தூக்கம் போய்விடும்.

அமராவதிக்கரை எழுதியது:

பதிவு இறக்குமதியாளர் நாங்கள்தான், ஐயா. வெளிநாட்டு இறக்குமதியாளர் என்ற முறையில் எங்கள் பெயரில் பத்திரப் பிணை எடுத்திருக்கிறோம். பையர் வாங்குபவர் மட்டுமே.

எடிசன் வாசகி எழுதியது:

தம்பி, அப்படியென்றால் பையருக்கு இதில் ஒரு காசு நட்டமும் கிடையாது. படிவம் 28 வந்தால் உங்கள் பெயருக்கு வரும். தயவுசெய்து அவர் சொல்வதைக் கேட்காதீர்கள்.

நாச்சியார்கோவில் விளக்கு எழுதியது:

இழையைத் திசைதிருப்புவதாக நினைக்க வேண்டாம். நாங்கள் பித்தளை விளக்கு வார்ப்பவர்கள். அமெரிக்காவில் உள்ள தமிழ்க் கடைகளுக்குக் கார்த்திகைக்கும் தீபாவளிக்கும் விளக்குகள் போகின்றன. யூதர்களின் பண்டிகை விளக்குக்கு அங்கே வரி இல்லை என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னார். அவர்களுக்கு உண்டென்றால் நம் விளக்குக்கும் கேட்கலாம் அல்லவா?

பாரிமுனை முகவர் எழுதியது:

கேட்கலாம். கேட்கவும் வேண்டும். ஆனால் 9505-இல் அல்ல.

2007 மாற்றத்தால் வரிவிலக்கு இழந்த சில பொருள்களுக்காக அமெரிக்கா தன் அட்டவணையில் 9817.95 என்று ஒரு தனி வாசல் வைத்தது. அதில் இரண்டு கதவுகள். 9817.95.01, மத அல்லது பண்பாட்டுப் பண்டிகைகளின் குறிப்பிட்ட சடங்கைச் செய்ய வீட்டில் பயன்படும் பொருள்களுக்கு. யூதர்களின் பஸ்கா விருந்துக்கான சேடர் தட்டு, ஆசிக் கிண்ணம், அவர்களுடைய பண்டிகை விளக்கான மெனோரா, ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் குவான்சா பண்டிகை மெழுகுவர்த்தித் தாங்கியான கினாரா ஆகியவற்றை உதாரணமாகச் சொல்லியிருக்கிறார்கள். 9817.95.05, அமெரிக்காவின் குறிப்பிட்ட பண்டிகை ஒன்றின் சின்னமாக முப்பரிமாணத்தில் அமைந்த பயன்பாட்டுப் பொருள்களுக்கு. அமராவதிக்கரையின் ரன்னர் இரண்டிலும் நுழையாது. இந்த வாசலுக்கு உரிய துணைத்தலைப்புகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டிருக்கிறார்கள், 6302 அதில் இல்லை. மின்சாரம் இல்லாத விளக்குகளுக்கான 9405 50 இருக்கிறது. எனவே எண்ணெய் விளக்குக்குக் கதவைத் தட்டும் தகுதி உண்டு.

திறக்குமா என்பது வேறு. 2018-இல் ஒரு வழக்கு. கிறிஸ்துமஸ் படம் போட்ட தட்டுகள், நன்றி நவிலல் நாளுக்கான வான்கோழித் தாம்பாளம், படிகக் கோப்பைகள். பண்டிகை விருந்தே ஒரு சடங்கு என்று இறக்குமதியாளர் வாதாடினார். விருந்து உண்பது குறிப்பிட்ட சடங்கு ஆகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் விளக்கு விருந்துப் பாத்திரம் அல்ல, அது உங்களுக்கு வலு. ஆனால் குத்துவிளக்கு நம் வீடுகளில் அன்றாடம் மாலையில் ஏற்றுவது. ஒரு பண்டிகையின் சடங்குக்கு என்று அதைக் காட்டுவது கடினம். கார்த்திகையன்று மட்டும் வரிசையாக ஏற்றும் அகல் வடிவத்துக்கு வாதம் இன்னும் நன்றாக நிற்கும் என்பது என் கருத்து. மெனோராவைச் சட்டம் பெயர் சொல்லி அறிந்திருக்கிறது. நம் விளக்கை யாராவது அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

அதற்கு வழி உண்டு. நியூயார்க்கில் அமெரிக்கச் சுங்கத் துறையின் சரக்கு வகைப்பாட்டு நிபுணர்கள் இருக்கிறார்கள். பொருளின் விவரம், படம், பயன்பாடு எழுதி முன்கூட்டிய தீர்ப்பு கேட்கலாம். கட்டணம் இல்லை. பெரும்பாலும் முப்பது நாள்களில் பதில் வரும். ஏற்றுமதியாளரும் கேட்கலாம். ஆனால் இனி வரப்போகும் சரக்குக்கு மட்டும்தான், அங்கே போய்ச் சேர்ந்துவிட்டதற்குக் கேட்க முடியாது. கேட்பதற்கு முன் கிராஸ் என்ற அவர்களது தீர்ப்புத் தொகுப்பில் தேடிப் பாருங்கள், எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. தேதியைப் பார்த்துப் படியுங்கள். 2007-க்கு முந்தைய தீர்ப்புகளும் அங்கே அப்படியே கிடக்கின்றன. உங்கள் பையர் வழுக்கியது அங்கேதான்.

மேலும் ஒன்று. இவை எல்லாம் அடிப்படை வரியைப் பற்றிய பேச்சு. 2025-இல் இந்தியச் சரக்குகள் மேல் வந்த கூடுதல் வரி, அடிப்படை வரி இல்லாத 9505-ஐயும் விட்டுவைக்கவில்லை. விலை சொல்லும்போது இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்.

நூல்கண்டு எழுதியது:

அமராவதிக்கரை அண்ணா, முதலில் "துணிந்து எழுதுங்கள்" என்று சொன்னது நான். தவறான ஆலோசனை. என் பதிவை அழிக்காமல் விட்டிருக்கிறேன், மேலே ஒரு திருத்தமும் சேர்த்துவிட்டேன். இதே தீர்ப்பைத் தேடி வரும் அடுத்த ஆள் அதைப் பார்க்கட்டும்.

அமராவதிக்கரை எழுதியது:

நூல்கண்டு, வருத்தப்பட வேண்டாம். நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் ஐயா இவ்வளவு விரிவாக எழுதியிருக்க மாட்டார்.

பத்து நாள் இழுபறிக்குப் பிறகு பையர் இறங்கி வந்தார். ரன்னருக்கும் பிளேஸ்மேட்டுக்கும் துண்டுக்கு ஒன்பது சென்ட் ஏற்றிக் கொடுக்கிறார். முழு வரிக்கும் அது ஈடாகாது. பாதியை நாங்கள் தாங்குகிறோம். அடுத்த சீசன் முதல் டிடிபி வேண்டாம், தூத்துக்குடியில் கப்பல் ஏற்றுவதோடு எங்கள் பொறுப்பு முடியும்படி விலை சொல்கிறோம் என்றும் எழுதிவிட்டேன்.

இன்று விடியற்காலை கண்டெய்னர் கிளம்பியது. இன்வாய்ஸில் ரன்னரும் பிளேஸ்மேட்டும் 6302 51, ஸ்டாக்கிங் 9505 10. ஷிப்பிங் பில்லிலும் அதே எண்கள். ஸ்டாக்கிங் பெட்டிகளைத் தனியாக அடுக்கி, வெளியே தனி அடையாளம் ஒட்டியிருக்கிறோம். லேபிள்கள் தைத்த இடத்திலேயே இருக்கின்றன.

நாச்சியார்கோவில் விளக்கு எழுதியது:

ஐயா, இரண்டு விளக்குகளைப் படம் எடுத்துவிட்டேன். ஒன்று அகல், பக்கத்தில் அளவுகோல் வைத்து. மற்றொன்று சென்ற ஆண்டு கார்த்திகையன்று எங்கள் திண்ணையில் வரிசையாக எரிந்தபோது எடுத்தது. சடங்கை விவரிக்கும் பகுதியைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன், எத்தனை விளக்கு, எந்த நேரம், எங்கெங்கே வைப்பது என்று. ஆங்கிலத்தில் மாற்றும்போது எடிசன் வாசகி அம்மா ஒருமுறை பார்த்துக் கொடுப்பார்களா?

எடிசன் வாசகி எழுதியது:

அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முடித்துவிடலாம்.